கையால் முறுக்கிய நட்டு

கிருஷ்ணப்பனுடைய ஒரு நாளின் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த விலையைச் சொன்னவன் கிருஷ்ணப்பன் அல்ல. தன் நாள் ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது என்கிற சேதியே அவனுக்குத் தெரியாது. பேரம் நடந்தது ஓசூர் சிப்காட்டில், கியர் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில். வாங்க வந்தவன் லேபர் காண்ட்ராக்டர் மாதவன். விற்கச் சம்மதித்தவர் கடைக்காரர் சௌந்தரராஜன்.

சௌந்தரராஜன் விருதுநகர்ப் பக்கத்து வத்தல் மண்டியில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் மிளகாய் மூட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளி, எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஓசூருக்கு வந்து பதினாறு வருடத்தில் தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் விலை குறைக்க மறுக்கக் கற்றிருந்தார். மூன்று பாஷையிலும் அவர் சிரிப்பு மட்டும் ஒன்றுதான். அது வாங்குகிறவன் தோற்றுவிட்டான் என்பதற்கு அடையாளம்.

"அவன் ஒரே ஒரு நாள் வேலைக்கு வரக்கூடாதுண்ணே. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றான் மாதவன்.

"எந்த நாள்?"

"வியாழக்கிழமை. ஆயுத பூஜைக்கு மறுநாள்."

அந்த நாளுக்கு என்ன மவுசு என்பது சௌந்தரராஜனுக்குத் தெரியும். கேட்டுக்கு எதிரே கடை வைத்திருப்பவருக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்காது. இருபத்துநாலு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அந்த ஆளைக் கம்பெனி நிரந்தரம் ஆக்கியாக வேண்டும், அது சட்டம். ஆகவே மாதவன் தன் ஆட்களை நானூறு நாளுக்குக் கிட்டத்தில் "ஊர்ல போய் கொஞ்ச நாள் இரு" என்று அனுப்பிவிடுவான். திரும்பி வந்தால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். கிருஷ்ணப்பன் விஷயத்தில் மட்டும் ஆர்டர் மும்முரத்தில் அசந்துவிட்டான். இரண்டாயிரத்து ஆறு அக்டோபர் பத்தாம் தேதி சேர்ந்தவனுக்கு இந்த வியாழக்கிழமை, ஒன்பதாம் தேதியோடு இருபத்துநாலு மாதம் முடிகிறது. அன்றைக்கு வந்தால் நானூற்று எண்பது. வராவிட்டால் நானூற்று எழுபத்தொன்பது, அதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

"நீயே கேட்டுல நிறுத்திடேன்" என்றார் சௌந்தரராஜன்.

"யூனியன் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கார்ண்ணே. நாங்க நிறுத்தினா வந்ததாத்தான் கணக்காம். அவனா வராம இருந்தாத்தான் செல்லும். என் ஆளு ஒருத்தன் பெர்மனென்ட் ஆனா, அடுத்த வருசம் காண்ட்ராக்ட் எனக்கு இல்லைன்னு கம்பெனி எச்.ஆர். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"அவன்கிட்டயே லீவு போடச் சொல்லிக் கேக்க வேண்டியதுதான?"

"கேக்காம இருப்பேனா? ரெண்டாயிரம் தர்றேன்னேன். சிரிக்கிறான்."

"எனக்கு என்ன தருவ?"

"ஐநூறு."

சௌந்தரராஜன் சிரித்தார். மாதவனுக்குத் தன் வாய் செய்த தவறு அப்போதுதான் உறைத்தது. ஒரே சரக்குக்கு ஒரு இடத்தில் இரண்டாயிரம் சொன்னவன் இன்னொரு இடத்தில் ஐநூறு சொல்லக்கூடாது.

"அவன்கிட்ட வாங்கினா நாளைக்கு அவன் வாய் சும்மா இருக்காது தம்பி. என்கிட்ட வாங்கினா சத்தமே கிடையாது. அப்ப எனக்கு விலை ஏறணுமா, இறங்கணுமா?"

மூவாயிரத்துக்கும் ஐநூறுக்கும் நடுவில் இருவரும் இரண்டு டீ குடித்தார்கள். ஆயிரத்து எண்ணூறில் கை கொடுத்துக்கொண்டார்கள். எழுந்து போகும்போது மாதவன் குரலைத் தாழ்த்தினான். "ஆளு செத்துக்கித்துப் போயிடக் கூடாதுண்ணே."

"அது வேற ரேட்டு" என்றார் சௌந்தரராஜன். "இது ஒரு நாளுக்கான ரேட்டு."

கிருஷ்ணப்பனின் ஊர் கெலமங்கலம் ரோட்டில், சிப்காட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர். காலை ஷிப்டு ஆறு மணிக்கு. முதல் பஸ் அவன் ஊரைத் தொடுவதே ஆறரைக்கு. ஆகவே அவனுடைய நானூற்று எழுபத்தொன்பது நாளும், ஒன்று போக, சைக்கிள் மிதித்து வந்தவை. கடைசி ஐந்து மாதமாக அவன் மிதிப்பது சீமைச் சைக்கிள். கம்பெனியில் இருந்த ஜெர்மன் இஞ்சினியர் ஊருக்குப் போனபோது, வீட்டுச் சாமானைப் பெட்டி பெட்டியாகக் கட்டித் தந்த கிருஷ்ணப்பனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளி நிறம், இருபத்தொரு கியர், ஒரு விரலால் தூக்கிவிடலாம். கம்பெனியில் லோடு தூக்குகிறவனுக்கு, தூக்க ஒன்றுமில்லாத சைக்கிள்.

அதில் ஒரு கோளாறு. நம் ஊர்ச் சைக்கிளில் சக்கரத்தை நட்டுப் போட்டு முறுக்கியிருப்பார்கள். இந்தச் சீமை வண்டியில் அச்சு உள்ளே குழாய் மாதிரி ஓட்டை. அதற்குள் ஒரு கம்பி, கம்பி முனையில் லிவர். லிவரைத் தூக்கினால் சக்கரம் கையோடு வந்துவிடும். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்த பயல்களுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடைக்கவில்லை. ஒருநாள் முன்சக்கரம் கேண்டீன் கூரைமேல் கிடந்தது. ஒருநாள் காய் கழுவும் தொட்டியில். "சீமை வண்டி வச்சிருக்கிற தொரைக்கு ஒத்தச் சக்கரம் போதாதா?" என்பார்கள். போன வாரம் சக்கரம் கிடைக்கவே இல்லை. அன்றைக்குப் பதினாலு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனவன், மறுநாள் விடியுமுன் நடந்தே வந்து கார்டு தேய்த்தான். எடுத்தவர்களே வெட்கப்பட்டுச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்ததும் அவனே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். தேடிப் போக வேண்டிய சரக்கு தானாக வந்து படியேறியது.

"சௌகாரே, இந்த லிவர் ரெண்டையும் கழட்டிடுங்க. கெட்டி அச்சாப் போட்டு நட்டு வச்சு முறுக்கிடுங்க. வியாழக்கிழமை வரைக்கும் இந்தப் பசங்க விளையாட்டு எனக்கு ஆகாது."

கடைக்காரரைச் சௌகார் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. சௌந்தரராஜன் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். "ரெண்டு சக்கரத்துக்கும் அச்சு, கோன், பால்ரஸ், நட்டு எல்லாம் மாத்தணும். கூலியோட நூத்தி இருபது."

"நூறு ரூபா குடுத்துடறேன்."

"நூத்தி இருபது."

"எத்தனை நாள் ஆயிருக்கு சொல்லுங்க?"

"நானூத்தி எழுபத்தொம்பது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நூத்தி இருபது."

கிருஷ்ணப்பன் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனான். புதன்கிழமை பூஜை, கம்பெனி லீவு. வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் சௌந்தரராஜன் பின்சக்கரத்தை முடித்தார். இத்தனை வருட வேலையில் அத்தனை சுத்தமாக அவர் ஒரு சக்கரம் போட்டதில்லை. ஒரு ஆள் ஏறி நின்று ஸ்பேனரை மிதித்தாலும் அந்த நட்டு அசையாது. யாராவது பிறகு வந்து பார்த்தால் வேலைக்காரனைக் குறை சொல்ல முடியாது பாருங்கள்.

முன்சக்கரத்தைப் பூஜையன்று காலையில் எடுத்தார். ஃபோர்க்கின் இரண்டு நுனியிலும் உதடு மாதிரிச் சின்ன மேடு இருந்தது. லிவர் தளர்ந்தாலும் சக்கரம் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தது. ஆனால் அந்த மேடு இருந்தால் நம் ஊர் வாஷர் சரியாகப் படியாது. எந்த மெக்கானிக்கும் அதை ராவித்தான் ஆக வேண்டும். சௌந்தரராஜனும் அரத்தை எடுத்து ராவினார். நம் ஊர் அச்சு சீமை அச்சைவிடக் கொஞ்சம் மெலிசு, பள்ளத்தில் லொடலொடவென்றுதான் உட்காரும். அதனாலும் தப்பில்லை, நட்டை முறுக்கிவிட்டால் சரியாகிவிடும். ஒவ்வொன்றும் நியாயமான வேலை. நட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் மற்றச் சாமான்களோடு அடுக்கினார். மணி பத்து. கற்பூரம் காட்டினார். பூசணிக்காயை ரோட்டில் உடைத்தார்.

பூஜை போட்ட சாமானை மறுநாள் விடிந்துதான் தொடலாம். ஓசூரில் லேத்து முதல் லாரி வரை அன்றைக்கு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு தூங்கும்.

பதினொரு மணிக்குக் கிருஷ்ணப்பன் வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறைய அவரைக்காயும், மேலே இரண்டு முழம் சாமந்தியும். "வீட்டுக்காரி ஜோதியம்மா குடுத்தனுப்பிச்சா. நம்ம கொல்லைல காய்ச்சது. சாமிக்குப் பூ, உங்களுக்குக் காய்."

சௌந்தரராஜன் பையின் எடையைக் கையிலேயே பார்த்தார். இரண்டே கால் கிலோ. அன்றைய விலையில் நாற்பத்தைந்து ரூபாய். பூ தனி.

"முன்சக்கரம் பாக்கி இருக்கு கிருஷ்ணப்பா. கையால முறுக்கி வச்சிருக்கேன். ஸ்பேனர் பூஜையில உக்காந்திருச்சு."

கிருஷ்ணப்பன் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்தான். விரலுக்கு அது கொஞ்சம் நகர்ந்தது. முகம் சுருங்கியது. வயிற்றுப்பாட்டை இரண்டு கையால் தூக்கியே பழகியவன், எது கெட்டி எது கெட்டியில்லை என்று அவன் கைக்குத் தெரியும்.

"காலையில நாலரைக்குக் கிளம்பணும் சௌகாரே."

"வீட்டுல ஸ்பேனர் இருக்கா?"

"ஒண்ணு இருந்தது. மண்வெட்டி, அரிவாள், அந்த ஸ்பேனர் எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சுட்டா. ஜோதியம்மா பூஜையை நான் கலைக்க முடியாது."

இருவரும் சாமி படத்தைப் பார்த்தார்கள். ஸ்பேனர் சந்தனப் பொட்டோடு, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றடி தூரம். முறுக்க அரை நிமிடம்.

அப்போது சௌந்தரராஜனின் கை நீண்டது. அது நடிப்பா நிஜமா என்று பிறகு அவரே யோசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரைக்காயின் வேலையாகவும் இருக்கலாம். "இரு, அரை நிமிசம். எடுத்து முறுக்கிடறேன். சாமி கோவிச்சுக்காது."

கிருஷ்ணப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். லோடு தூக்கும் பிடி.

"வேண்டாங்க. பூஜை போட்டதைத் தொட்டா வருசம் பூரா உங்க தொழிலுக்கு ஆகாது. என் ஒரு நாளுக்காக உங்க வருசம் கெடணுமா? நான் மெள்ளப் போய்க்கறேன்."

"நீதான் வேண்டாங்கற" என்றார் சௌந்தரராஜன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பக்கத்து டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"ஆமாங்க, நான்தான் வேண்டாங்கறேன்."

"காசு நாளைக்கு முறுக்கினப்புறம் குடு. அரைகுறை வேலைக்கு நான் காசு வாங்கறதில்ல."

கிருஷ்ணப்பன் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். சௌந்தரராஜன் அவரைக்காயை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பொரியல் நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஐந்தேகாலுக்கே கடையைத் திறந்தார். விஜயதசமி, முதல் வியாபாரம் சீக்கிரம் ஆனால் நல்லது. எதிரே கம்பெனி கேட்டில் பெரிய போர்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று தகடு தொங்கும். அன்று 364. சரியாக ஆறு மணிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் பெரியதம்பி கடைசித் தகட்டை மாற்றுவார். 365 ஆகிவிட்டால் ஆளுக்கு ஒரு ஸ்டீல் டிபன் கேரியர், லட்டு. புரட்டாசி என்பதால் பிரியாணியைக் கேரியராக மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு என்பதுதான் அந்த வருடத்து அதிசயம்.

ஐந்து ஐம்பதுக்குத் திருப்பத்தில் வெள்ளிச் சைக்கிள் தெரிந்தது. கிருஷ்ணப்பன் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். சௌந்தரராஜனுக்கு ஒரு கணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கண்ணெதிரே நடந்து கேட்டுக்குள் போவது போலிருந்தது. நேரம் இருக்கிறது, இன்னும் முந்நூறு அடிதான். நடந்தே போயிருக்கலாம். ஆனால் அவன் கேட்டைப் பார்த்தான். நானூற்று எண்பதாவது நாளின் கேட். சைக்கிளில் ஏறி மிதித்தான். சிரித்துக்கொண்டே மிதித்தான்.

கேட்டுக்கு முன்னால் கம்பெனி போட்ட வேகத்தடை. முன்சக்கரம் அதில் ஏறி எழும்பியது. சைக்கிள் இறங்கியது, சக்கரம் அதோடு இறங்கவில்லை. அது தன்பாட்டுக்கு உருண்டு சௌந்தரராஜனின் கடை வாசலுக்கு வந்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

ஃபோர்க்கு தார் ரோட்டில் குத்தியது. கிருஷ்ணப்பன் முகம் அதற்கடுத்து.

அவன் எழுந்துவிட்டான், அதுதான் ஆச்சரியம். வலது தோள் கீழே இறங்கியிருந்தது. வாயில் மேல்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு, சைக்கிளைத் திரும்பிப் பாராமல், நேரே கேட்டுக்கு நடந்தான். கழுத்தில் தொங்கிய கார்டைப் பல் மிச்சமிருந்த பக்கத்தால் கவ்வியிருந்தான்.

"கார்டு மட்டும் தேச்சுடறேன் சார். அப்புறம் இங்கயே உக்காந்துக்கறேன்."

பெரியதம்பி மிலிட்டரியிலிருந்து வந்தவர். அவர் கிருஷ்ணப்பனைப் பார்த்தார், சட்டையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தார், பிறகு தலைக்குமேல் தொங்கிய போர்டைப் பார்த்தார். கையில் மாற்ற வேண்டிய தகடு தயாராக இருந்தது.

"ரத்தத்தோட உள்ள விட்டா முதலுதவி ரிஜிஸ்தர்ல எழுதணும்யா. எழுதினா அது விபத்து. போர்டு ஜீரோ ஆயிடும்."

"நான் வெளியிலதான் விழுந்தேன் சார்."

"அதான் சொல்றேன். வெளியில விழுந்த, வெளியிலயே இரு."

ஷிப்டுக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். சக்கரத்தைக் கூரைமேல் போட்ட அஜித்குமாரும் இருந்தான். கிருஷ்ணப்பன் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் போதும் என்கிற பார்வை. முந்நூறு பேருக்கு முந்நூறு கேரியர்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா. நாள் எங்க போகுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் அஜித்குமார். நல்லவிதமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு உள்ளே போனான். மற்றவர்களும் போனார்கள். ஆறு பத்துக்குக் கேட்டைச் சாத்தினார்கள்.

கிருஷ்ணப்பன் திரும்பி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தான். சௌந்தரராஜன் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்துத் துப்பினான். செம்மண் மாதிரி விழுந்தது.

"நேத்தும் இறக்கத்துல எல்லாம் இறங்கித் தள்ளிட்டுத்தான் போனேன். இன்னிக்கும் அங்கங்க இறங்கித்தான் வந்தேன். கேட்டைப் பாத்ததும் புத்தி போயிடுச்சு." அவனுக்கு 'ச' வரவில்லை, காற்றாக வந்தது. "நீங்க ஸ்பேனர் எடுக்கத்தான் வந்தீங்க. நான்தான் கையைப் பிடிச்சேன்."

"நீதான் பிடிச்ச" என்றார் சௌந்தரராஜன்.

பிறகு எழுந்து சாமி படத்தின் முன்னாலிருந்து ஸ்பேனரை எடுத்தார். இப்போது எடுக்கலாம். ரோட்டில் இறங்கி உருண்டு கிடந்த நட்டு, வாஷர்களைப் பொறுக்கினார். சக்கரத்தை ஃபோர்க்கில் உட்கார வைத்தார். இடதில் ஒரு முறுக்கு, வலதில் ஒரு முறுக்கு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. சக்கரம் கொஞ்சம் கோணலாகச் சுற்றியது, ஆனால் இனி எந்தப் பயலும் அதைக் கழற்ற முடியாது. அந்த வருடத்துக்கு அவர் கை வைத்த முதல் வேலை அது. முதல் வேலையைச் சும்மா செய்தால் வருடம் பூராவும் சும்மா செய்ய வேண்டி வரும்.

"நூத்தி இருபது" என்றார்.

கிருஷ்ணப்பன் இடக்கையால் சட்டைப்பையில் துழாவி நூறும் இருபதுமாக எடுத்துக் கொடுத்தான். நூறு ரூபாய் நோட்டின் ஓரம் ஈரமாயிருந்தது. சௌந்தரராஜன் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

எட்டு மணிக்கு மாதவன் வந்தபோது கிருஷ்ணப்பன் ஆட்டோ ஏறிப் போயிருந்தான். வந்தவன் ஆயிரத்து ஐநூறை எண்ணி வைத்தான்.

"முந்நூறு குறையுது" என்றார் சௌந்தரராஜன்.

"அவன் கேட்டு வரைக்கும் வந்துட்டான்ண்ணே. அடிபட்டு வந்ததால நோட்டீஸ்ல மாட்டாது, சரி. ஆனா நிறுத்தினது நீங்க இல்ல, பெரியதம்பி. நியாயமா அவருக்கு இல்ல நான் குடுக்கணும்?"

சௌந்தரராஜன் யோசித்தார். பேச்சில் இருந்த நியாயம் அவருக்கே பிடித்திருந்தது. பதினாறு வருடத்தில் முதல்தடவையாக அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரத்து ஐநூறை வாங்கிக்கொண்டார்.

பெஞ்சைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். காசு எடுக்கையில் கிருஷ்ணப்பன் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாக நாலு கோடு, மேலே ஒரு குறுக்குக் கோடு, ஐந்தைந்தாகக் கட்டியிருந்தான். கட்டுகளை விரலால் எண்ணிக்கொண்டு போனார். எண்ணாமல் வைக்க அவர் கைக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்து முழுக்கட்டு, கடைசியில் நாலு கோடு. குறுக்குக் கோட்டுக்கு இடம் விட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே போர்டில் 365 வெயிலில் மின்னியது. இங்கே நானூற்று எண்பதுக்கு வரவு நானூற்று எழுபத்தொன்பது, பாக்கி ஒன்று.